டிரைவ் போடியில், ஆபீஸ் மலைமேல்: நெட் வழியாக ஷேர் ஃபோல்டரைத் திறக்கும் வேலை

ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலருக்கு வீடும் கணக்கு ஆபீஸும் போடிநாயக்கனூரில். தோட்டமோ போடிமெட்டு ஏறி கேரளத்துக்குள், உடும்பன்சோலை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கம். செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), பச்சைக்காய் எடை, ஸ்டோரில் உலர்ந்து இறங்கிய காயின் கணக்கு, போடிக்கோ புற்றடிக்கோ ஏலத்துக்குப் போகும் லாட் விவரம் எல்லாம் மேலே எழுதப்படுகின்றன. கீழே போடியில் டேலி கணக்கு மென்பொருளில் ஏறுகின்றன. நடுவில் வாட்ஸ்அப். ஒரே செக்ரோல் 'புதியது', 'சரிபார்த்தது', 'கடைசி', 'கடைசி 2' என்று நாலு ஃபைலாகிவிடும், எது சரி என்று கேட்டால் தோட்டத்தில் பதிவெழுதும் ரைட்டருக்கும் தெரியாது, கணக்கருக்கும் தெரியாது.

இதற்குத் தீர்வு போடியில் இருக்கும் ஒரே டிரைவை மேலே உள்ள சிஸ்டத்திலும் திறப்பதுதான். செய்ய முடியும். ஆனால் விண்டோஸ் ஷேர், அதாவது ஒரு சிஸ்டத்தின் ஃபோல்டரை மற்ற சிஸ்டங்களில் திறக்கும் வசதி, ஒரே கட்டடத்துக்குள், ஒரே கேபிளில் இருக்கும் சிஸ்டங்களுக்காக உருவானது. அதை மலை ஏற்றும்போது வரும் தொல்லைகளில் பாதி பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, மீதிப் பாதி தாமதம் சம்பந்தப்பட்டது. முதல் பாதியை எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைத்தான் யாரும் சொல்வதில்லை.

முதலில் செய்யக்கூடாதது

ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு சிஸ்டத்துக்குத் திருப்புவது) போட்டு 445-ஐத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 445 என்பது எஸ்எம்பி, அதாவது விண்டோஸ் ஃபைல் ஷேர் பேசும் போர்ட். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது இந்த வழியாகத்தான்; அந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். இன்றைக்கும் நெட்டில் திறந்த 445-ஐத் தேடி இடைவிடாமல் ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுத்தெருவில் பீரோவை வைத்து, நல்ல பூட்டாகத்தானே போட்டிருக்கிறோம் என்பதற்குச் சமம். நெட் கம்பெனிகள் பலவும் 445-ஐ அவர்கள் பக்கமே அடைத்துவிடுவதால் பெரும்பாலும் இந்த வழி வேலையும் செய்யாது, அந்த மட்டில் நல்லது.

சரியான வழி, மேலே உள்ள சிஸ்டத்தை விபிஎன் (நெட் வழியாகப் போகும் பூட்டிய தனிப்பாதை) மூலம் போடி நெட்வொர்க்குக்குள் கொண்டுவந்துவிட்டு, பிறகு உள்ளூர் ஷேரைப் போலவே திறப்பது. எஸ்எம்பி போர்ட் நெட்டுக்குத் தெரியவே கூடாது.

டிரைவ் எங்கே இருக்கும்

கணக்கர் சிஸ்டத்தின் டி டிரைவை ஷேர் செய்வது எளிது. ஆனால் சாயங்காலம் அவர் சிஸ்டத்தை அணைத்துவிட்டுக் கிளம்பினால் மேலே ஒன்றும் தெரியாது. பச்சைக்காய் எடை போட்டு முடிவதே பொழுது சாய்ந்த பிறகுதான். ஆகவே எப்போதும் ஓடும் ஒரு சின்னப் பெட்டி தனியாக வேண்டும். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவு கம்ப்யூட்டர் (இனி 'பை'), 4 ஜிபி மாடல் இதற்குத் தாராளம். ஏற்கெனவே நாஸ் (நெட்வொர்க் டிரைவ்) பெட்டி இருந்தால் அதுவே போதும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

தேவைப்படுபவை: பை 4, அதன் அசல் 5.1 வோல்ட் 3 ஆம்ப் அடாப்டர், ஓஎஸ்ஸுக்கு 32 ஜிபி நல்ல மெமரி கார்டு, டேட்டாவுக்கு 1 டிபி யுஎஸ்பி எஸ்எஸ்டி, பிரதி எடுக்க அதே அளவில் இன்னொரு டிரைவ், ரூட்டருக்கு ஒரு லேன் கேபிள். வைஃபையில் பையை இணைக்க வேண்டாம். அடாப்டரில் காசு மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். பை 4-இன் நாலு யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து தரக்கூடியதே 1.2 ஆம்ப், மொபைல் சார்ஜரில் ஓட்டினால் அதுவும் கிடைக்காது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் எழுதும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி டிரைவ் மறைந்து மறுபடி தோன்றும். பார்ப்பவர்கள் பையில் ஷேரை நடத்தும் சாம்பா மென்பொருளைக் குறை சொல்வார்கள். கோளாறு சார்ஜரில் இருக்கும். டிரைவை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகவும்.

டிரைவை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஃபார்மட் செய்து, யுயுஐடி என்ற அதன் அடையாள எண்ணைக் கொண்டு எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது மவுண்ட் ஆக, அதாவது இணைய, வேண்டிய டிரைவுகளின் பட்டியல்) சேர்த்து, கூடவே 'நோஃபெயில்' போட வேண்டும். அது இல்லாவிட்டால் டிரைவ் செருகாத நாளில் பை பூட் ஆகாமல் நின்றுவிடும். இதில் ஒரு பொறி உண்டு. டிரைவ் எந்த ஃபோல்டரில் மவுண்ட் ஆகிறதோ அதையே ஷேர் ஆக்கினால், டிரைவ் மவுண்ட் ஆகாத அன்று சாம்பா அந்தக் காலி ஃபோல்டரை, அதாவது மெமரி கார்டை, ஷேராகக் காட்டும். மேலே ரைட்டர் வழக்கம்போல் சேமிப்பார். மறுநாள் டிரைவ் மவுண்ட் ஆனதும் அவர் சேமித்தவை எல்லாம் அடியில் மறைந்துவிடும். டிரைவுக்கு உள்ளே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதை மட்டும் ஷேர் ஆக்கினால் இது நடக்காது. டிரைவ் இல்லாத நாளில் அந்தப் பாதையே இருக்காது, பிழைச் செய்தி வரும், போன் வரும். அதுதான் வேண்டும்.

சாம்பாவில் கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர், தனி பாஸ்வேர்டு. லினக்ஸ் பாஸ்வேர்டு வேறு, சாம்பா பாஸ்வேர்டு வேறு. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' ஷேர் வேண்டாம். பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பு கெஸ்ட் அணுகலை இயல்பாகவே மறுக்கிறது, எஸ்எம்பி கையொப்பத்தையும் (செய்தி நடுவில் மாற்றப்படவில்லை என்ற சான்று) கட்டாயமாகக் கேட்கிறது. நேற்றுவரை திறந்த ஷேர் அப்டேட்டுக்குப் பிறகு திறக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் இதில்தான். பழைய எஸ்எம்பி 1 பதிப்பை மறுபடி உயிர்ப்பித்துச் சரிசெய்யும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

நெட்வொர்க் ஷேரில் அழிக்கும் ஃபைல் விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராக அழிந்துவிடும். சாம்பாவில் 'ரீசைக்கிள்' என்ற மாட்யூல் இருக்கிறது. அதை இயக்கினால் அழித்தவை ஒரு மறைவான ஃபோல்டரில் சேரும். முடிந்த ஆண்டுகளின் கணக்கைப் படிக்க மட்டும் என்று தனி ஷேராக வைத்துவிடுவது நல்லது.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. எக்ஸ்ட்4-இல் ஒரு பெயருக்கு 255 பைட் மட்டுமே இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8-இல் 3 பைட்; 'கி' என்ற எழுத்தில் உயிர்க்குறியும் சேர்ந்து 6 பைட். ஆக ஏறக்குறைய 85 குறி, எழுத்தாக எண்ணினால் ஐம்பது சொச்சம். விண்டோஸில் 255 குறி வரை போகும். அதனால் டெஸ்க்டாப்பில் சாதாரணமாக இருந்த நீளப் பெயர், ஷேருக்கு நகலெடுக்கும்போது மட்டும் பிழை காட்டும். மலையாளத்துக்கும் இதே கணக்குதான். 'உடும்பன்சோலை பச்சைக்காய் எடை அக்டோபர்' என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் சிக்கல் இல்லை.

வெளி ஐபி இருக்கிறதா என்று பார்ப்பது

எந்த விபிஎன் என்பதைப் போடி பக்கத்து நெட் இணைப்புதான் தீர்மானிக்கிறது. ரூட்டர் நிர்வாகப் பக்கத்தில் வேன் (வெளி நெட் பக்க) ஐபி என்ன என்று பார்க்கவும். அதே சமயம் ஐபி காட்டும் இணையதளம் ஒன்றிலும் பார்க்கவும். இரண்டும் ஒன்றானால் உங்களிடம் உண்மையான வெளி ஐபி இருக்கிறது. ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரியோ 10 என்று தொடங்குவதோ இருந்தால், நெட் கம்பெனி பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் சிஜிநாட். இதற்குப் பின்னால் இருந்துகொண்டு ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு போட்டாலும் வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. மாறும் ஐபியைப் பின்தொடரும் பெயரான டைனமிக் டிஎன்எஸ் வைத்தும் பயனில்லை. 4ஜி, 5ஜி சிம் ரூட்டர்களில் ஐபிவி4 பெரும்பாலும் சிஜிநாட்தான்.

ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு பல இடங்களில் லைன் போட்டுக் கொடுத்த கேபிள்காரரிடம்தான் இருக்கும். வேலை தொடங்கும் முன்பே அதை வாங்கி வைத்துக்கொள்ளவும். அவர் கொடுக்க மறுத்தால் பின்னால் சொல்லும், சிஜிநாட் உள்ளவர்கள் போகும் வழியிலேயே போய்விடலாம், ரூட்டரைத் தொட வேண்டியதில்லை.

வெளி ஐபி இருந்தால் வயர்கார்டு என்ற விபிஎன். 2020-இல் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டதால் பையில் தனியாகப் பெரிதாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. முகவரித் திட்டம் இப்படி இருக்கட்டும்:

போடி லேன் (உள் நெட்வொர்க்): 192.168.20.0/24, பை 192.168.20.5
எஸ்டேட் லேன்: 192.168.30.0/24
விபிஎன்: 10.20.30.0/24, பை 10.20.30.1, எஸ்டேட் சிஸ்டம் 10.20.30.2, மேனேஜர் லேப்டாப் 10.20.30.3

இரண்டு இடத்திலும் ரூட்டர் வாங்கியபடியே 192.168.1.0 ஆக இருப்பது வழக்கம். அப்படி விட்டால் மேலே உள்ள சிஸ்டம் 192.168.1.5-ஐத் தன் பக்கத்திலேயே தேடும், விபிஎன்னுக்குள் அனுப்பவே அனுப்பாது. பையை மட்டும் விபிஎன் முகவரியில் திறப்பதானால் இது தட்டாது. பின்னால் கணக்கர் சிஸ்டத்தையோ பிரிண்டரையோ எட்ட வேண்டி வரும்போது தட்டும். அதனால் முதல் நாளே இரண்டையும் வேறாக்கிவிடவும். மாற்றும்போது கேமரா, பயோமெட்ரிக் போன்றவற்றில் கையால் போட்டிருக்கும் ஐபியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ரூட்டரில் வயர்கார்டின் யுடிபி போர்ட் 51820-ஐ மட்டும் பைக்குத் திருப்பவும். ஒவ்வொரு கருவியிலும் அதனதன் சாவி ஜோடியை அங்கேயே உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் பரிமாறவும். தனிச்சாவி வாட்ஸ்அப்பில் பயணிக்கக் கூடாது. பை பக்கம் ஒவ்வொரு பியருக்கும் (இணையும் கருவிக்கும்) 'அலவ்டு ஐபி' அதன் ஒற்றை முகவரி மட்டும், அதாவது 10.20.30.2/32. எஸ்டேட் பக்கம் 10.20.30.0/24. இங்கே 0.0.0.0/0 என்று போட்டால் எஸ்டேட் சிஸ்டத்தின் யூடியூப் வரை எல்லாம் போடி வழியாகச் சுற்றும். மேலே உள்ள கருவியில் 'கீப்அலைவ்' 25 விநாடி. இது இல்லாவிட்டால் சிறிது நேரம் சும்மா இருந்ததும் இடையில் உள்ள நாட் (முகவரி மாற்ற) அட்டவணையிலிருந்து இணைப்பு நீங்கிவிடும்.

போடி ஐபி நிலையானதல்ல என்றால் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்று வேண்டும். வயர்கார்டு அந்தப் பெயரைத் தொடங்கும்போது ஒரே முறைதான் ஐபியாக மாற்றிக்கொள்கிறது. நள்ளிரவில் போடியில் கரண்ட் போய் வந்து ஐபி மாறினால், மேலே உள்ள சிஸ்டம் பழைய ஐபியையே தட்டிக்கொண்டிருக்கும். எஸ்டேட் பக்கம் விண்டோஸ் என்றால் டனலை (விபிஎன் இணைப்பை) அணைத்துப் போட்டால் சரியாகும். அங்கேயும் ஒரு பை வைத்திருந்தால், கரண்ட் வந்ததும் ரூட்டருக்கு நெட் வருவதற்கு முன்பே பை பூட் ஆகி, பெயரைத் தேடி, கிடைக்காமல் சேவை தோற்று நிற்கும். சில நிமிடத்துக்கு ஒருமுறை பெயரை மறுபடி தேடும் டைமர் ஒன்று கட்டாயம். வயர்கார்டு கருவிகளோடு வரும் எடுத்துக்காட்டு ஸ்கிரிப்டுகளில் இதற்கானது இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே எழுந்த இணைப்புக்குத்தான். பூட்டில் தோற்ற சேவையைத் திரும்ப எழுப்ப லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டியில் மறுதொடக்க அமைப்பும் சேர்க்கவும்.

சிஜிநாட் என்றால் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை. உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். இரு பக்கமும் நாட்டுக்குப் பின்னால் இருந்தாலும் துளை போட்டு நேராக இணைக்கப் பார்க்கும், முடியாவிட்டால் இடைச் சர்வர் வழியாகக் கடத்தும். பையிலும் மேலே உள்ள சிஸ்டத்திலும் நிறுவி ஒரே கணக்கில் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் முகவரி வரும். பையில் உள்ள ஷேரை அந்த முகவரியிலேயே திறக்கலாம், ரூட்டரில் எதையும் மாற்ற வேண்டாம். போடி லேனில் உள்ள மற்றவற்றையும் எட்ட வேண்டுமென்றால் பையை 'சப்நெட் ரூட்டர்' ஆக்கி 192.168.20.0/24-ஐ விளம்பரப்படுத்தவும், பையில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கவும், நிர்வாகப் பக்கத்தில் அந்த ரூட்டுக்கு ஒப்புதலும் கொடுக்கவும். மூன்றாவதை மறப்பவர்கள் நிறைய.

இதில் கவனம் தேவைப்படுவது சாவிக் காலாவதி. இயல்பாக 180 நாளில் கருவி மறுபடி உள்நுழையச் சொல்லும். நிறுவி ஆறு மாதம் கழித்து, யாரும் எதையும் தொடாமலே, நல்ல அறுவடைக் காலத்தில் பை நெட்வொர்க்கிலிருந்து விலகிவிடும். பைக்கு மட்டும் நிர்வாகப் பக்கத்தில் காலாவதியை அணைத்து வைக்கவும். லேப்டாப்புகளுக்கு அப்படியே இருக்கட்டும்.

இணைப்பு நேராகவா, சுற்றியா என்று 'டெயில்ஸ்கேல் பிங்' கட்டளை சொல்லும். முதல் சில பதில்கள் இடைச் சர்வர் வழியாக வந்து, பிறகு நேர் இணைப்புக்கு மாறினால் நல்லது. கடைசிவரை மாறவில்லை என்றால் ஷேர் திறக்கும், ஆனால் இழுக்கும். இரு பக்கமும் ஐபிவி6 கிடைக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் நேர் இணைப்புக்கு வாய்ப்பு கூடும்.

எல்லைக்கு இப்பால் சிம், அப்பால் டவர்

மேலே ஃபைபர் இல்லாத தோட்டங்களில் சிம் ரூட்டர்தான். போடியில் வாங்கிய தமிழ்நாடு வட்ட சிம்மை உடும்பன்சோலை ரூட்டரில் போட்டால் அது ரோமிங்கில் இருக்கும். போனில் டேட்டா ரோமிங்கை இயக்கி வைத்திருப்போம். ரூட்டரிலோ பல மாடல்களில் அது அணைந்தே வரும். சிக்னல் முழுக் கோடு, நெட் சுழியம் என்றால் முதலில் அதைப் பார்க்கவும். மலை விளிம்பில் உள்ள இடங்களில் தமிழ்நாட்டு டவரும் கேரள டவரும் மாறிமாறிப் பிடிக்கும். மாறும் ஒவ்வொரு முறையும் இணைப்பு புதிதாகத் தொடங்கி ஐபி மாறும். விபிஎன் தாங்கும், நடுவில் நகலாகிக்கொண்டிருந்த ஃபைல் தாங்காது. ரூட்டரில் ஆபரேட்டர் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைத்தேர்வுக்கு மாற்றி வலுவான ஒன்றில் நிறுத்தவும். கேரள வட்ட சிம்மே வாங்கிப் போடுவது இன்னும் சுத்தம்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பத்தோடு போகும் ஃபைபரும் அறும். ஃபைபர் உள்ள இடத்திலும் ஒரு சிம் ரூட்டரை மாற்றாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி, அக்டோபர், நவம்பர் பிற்பகல்களில், வேறு வகை. ஃபைபர் கண்ணாடி, மின்னல் அதில் வராது. ஆபீஸிலிருந்து உலர்த்தும் ஸ்டோருக்கு வெளியில் இழுத்த செம்பு லேன் கேபிளில் வரும். இரு முனையிலும் உள்ள போர்ட்டுகள் ஒரே அடியில் போகும். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஃபைபர் போட்டு இரு முனையில் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரை லேனாக மாற்றும் பெட்டி) வைப்பதுதான் சரி. பட்ஜெட் இல்லையென்றால் வயர்லெஸ் பிரிட்ஜ். இரண்டும் இல்லாமல் செம்பு கேபிள் ஓடிக்கொண்டிருந்தால், மேகம் கருத்ததும் கழற்றி வைக்கும் வேலையை யாராவது ஒருவர் பொறுப்பில் விடவும்.

போடியில் பைக்கும் ரூட்டருக்கும் கரண்ட் பேக்கப் வேண்டும். ரூட்டர், ஓஎன்டி (ஃபைபர் மோடம்), பை மூன்றும் சேர்த்து 15 முதல் 20 வாட் இழுக்கும். 12 வோல்ட் 7 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் 84 வாட்-ஹவர். பாதிதான் எடுப்போம் என்று வைத்தால் இரண்டு மணி நேரம் நிற்கும். பை 5 வோல்ட், ரூட்டர் பெரும்பாலும் 12 வோல்ட். மினி யுபிஎஸ் வாங்கும்போது இரண்டு வெளியீடும் உண்டா, 5 வோல்ட் பக்கம் 3 ஆம்ப் தருமா என்று பார்க்கவும்.

விண்டோஸ் பக்கத்து அடைப்புகள்

விபிஎன் எழுந்ததும் பிங் (எட்டுகிறதா என்ற சோதனை) போகும், ஷேர் திறக்காது. இது மிகவும் வழக்கமானது. ஷேர் விண்டோஸ் சிஸ்டத்தில் இருந்தால், அதன் ஃபயர்வாலில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' விதி பிரைவேட் நெட்வொர்க்கில் 'லோக்கல் சப்நெட்'டுக்கு மட்டும் அனுமதி தந்திருக்கும். 10.20.30.2-இலிருந்து வருபவர் அதற்கு வெளியாள். 'எஸ்எம்பி-இன்' (SMB-In) என்ற விதியைத் திறந்து, ஸ்கோப் தாவலில் விபிஎன் வரம்பைச் சேர்க்கவும். ஃபயர்வாலையே அணைத்துப் பார்த்து 'இப்போ வருது' என்று அப்படியே விட்டுவிடுவது கூடாது. டெயில்ஸ்கேல் சப்நெட் ரூட்டர் வழியாக வந்தால் இந்தச் சிக்கல் எழாது. பை தன் முகவரியைப் போட்டு அனுப்புவதால் எல்லாம் உள்ளூர்க்காரர் போலவே தெரியும்.

எக்ஸ்புளோரரில் 'நெட்வொர்க்' பகுதியில் பை தெரியவில்லை என்று காத்திருக்க வேண்டாம். பெயர்களைத் தேடும் ஒலிபரப்புகள் விபிஎன்னைத் தாண்டாது. முகவரிப் பட்டையில் \\10.20.30.1\ என்று அடித்து ஷேரின் பெயரைச் சேர்க்கவும்.

போனில் கேட்டு சரிசெய்யும்போது, "ரைட்டர் அண்ணே, திறக்கலைன்னு சொல்லாதீங்க, என்ன நம்பர் வருதுன்னு படிங்க" என்று கேட்டால் பாதி வேலை முடியும். 53 என்றால் வழியே இல்லை: விபிஎன், ஐபி, போர்ட் பார்க்கவும். 1326 அல்லது 86 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் உள்ளே வந்துவிட்டார், அந்த ஃபோல்டரில் உரிமை இல்லை. 1219 என்றால் அதே சர்வருக்கு ஏற்கெனவே வேறு பெயரில் இணைப்பு இருக்கிறது. விண்டோஸ் ஒரே நேரத்தில் இரண்டு பெயரை ஏற்காது. பழைய இணைப்பை நீக்கி, கிரெடென்ஷியல் மேனேஜரிலும் அழித்துவிட்டு மறுபடி முயலவும். ஷேர் விண்டோஸில் இருந்தால் பின் நம்பர் செல்லாது. பாஸ்வேர்டு இல்லாத பயனருக்கும் நெட்வொர்க் வழி அனுமதி இல்லை.

ஃபோல்டர் திறக்கிறது, சின்ன ஃபைல் வருகிறது, பெரிய ஃபைல் நகலெடுத்தால் உறைந்துவிடுகிறது என்றால் எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய பைட் அளவு, காரணம். வயர்கார்டின் இயல்பு 1420, அது 1500 எம்டியு உள்ள லைனுக்கான கணக்கு. பெயரும் பாஸ்வேர்டும் போட்டு இணையும் பிபிபிஓஇ ஃபைபர் லைனில் 1492 மட்டுமே. வயர்கார்டின் உறை 80 பைட் வரை போனால் 1412. சிம் ரூட்டரில் இன்னும் குறையலாம். துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு பிங்கை 1464 அளவில் அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்த்து 1492. போகவில்லையென்றால் பத்துப் பத்தாகக் குறைத்து, போகும் அளவோடு 28 கூட்டி, 80 கழித்தால் டனலின் எம்டியு. அலுத்துப்போனால் நேராக 1280 போடவும். டெயில்ஸ்கேலில் இயல்பே அதுதான்.

தாமதம்

வேகம் எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்பவர்கள் பிங் எத்தனை மில்லிசெகண்ட் என்று கேட்பதில்லை. எஸ்எம்பி நிறையப் பேசும். ஒரு ஃபைலைத் திறந்து, விவரம் கேட்டு, படித்து, மூடுவதற்குள் பல முறை போய்வரும். ஆபீஸுக்குள் ஒரு போய்வரவு 1 மில்லிசெகண்டுக்கும் குறைவு. சிம் ரூட்டரில் 60 என்று வையுங்கள். ஃபைலுக்கு 8 போய்வரவு என்றால் 2,000 சின்ன ஃபைல்களுக்கு 960 விநாடி, 16 நிமிடம். லைனை 100 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இந்த 16 குறையாது. அதே 2,000 ஃபைலை ஜிப்பாக்கி ஒன்றாக அனுப்பினால் அளவுக்கான நேரம் மட்டுமே: 10 எம்பிபிஎஸ் லைனில் 40 எம்பி ஜிப் அரை நிமிடத்தில் போய்விடும்.

இதிலிருந்து சில நடைமுறைகள் தானாக வருகின்றன. ஒரே ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் குவிக்காமல் ஆண்டு, மாதம் என்று பிரிக்கவும். எஸ்டேட் சிஸ்டத்தில் தம்ப்நெயிலையும் பிரிவியூவையும் அணைக்கவும். பில் ஃபோட்டோக்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தாலே சிம்மின் அன்றைய டேட்டா கரைவதற்கு அதுதான் காரணம். டிரைவை இசட் என்று நிரந்தரமாக மேப் செய்வதைவிட டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைப்பது மேல். மேப் செய்த டிரைவ் நெட் இல்லாத நேரத்தில் எக்ஸ்புளோரரையும் 'சேவ் ஆஸ்' பெட்டியையும் சேர்த்து உறைய வைக்கும். மேப் செய்தே தீர வேண்டுமென்றால், உள்நுழைந்தவுடன் வரும் சிவப்புக் குறிக்குப் பயப்பட வேண்டாம். விபிஎன் எழுவதற்கு முன்பே விண்டோஸ் தேடிவிட்டது என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

எக்செல் தாங்கும். அது முழு ஃபைலையும் படித்துக்கொண்டு, சேமிக்கும்போது தற்காலிக ஃபைல் ஒன்றை எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றும். நடுவில் நெட் போனால் எண்களும் எழுத்துமாக விசித்திரப் பெயரில் ஒரு ஃபைல் அங்கே கிடக்கும். அதை உடனே அழிக்காமல், நகலெடுத்துப் பெயர் மாற்றித் திறந்து பார்க்கவும். சில சமயம் புதிய வேலை அதில்தான் இருக்கும். யாரும் திறக்காத ஃபைலை 'வேறொருவர் திருத்துகிறார்' என்று காட்டினால், அறுந்துபோன இணைப்பின் பூட்டு பையில் இன்னும் நிற்கிறது. சாம்பாவின் நிலைப் பட்டியலில் அந்த இணைப்பு யாருடையது என்று பார்த்து அதை மட்டும் முடிக்கவும்.

டேலியை இந்த ஷேர் வழியாகத் திறக்கவே கூடாது. ஆக்ஸஸ் டேட்டாபேஸும் அப்படியே. அவை ஃபைலின் நடுவே சின்னச் சின்னத் துண்டுகளைப் படித்து எழுதுபவை. வவுச்சர் ஒன்று சேமிப்பதற்குள் டவர் மாறினால் டேட்டா ரிப்பேர் ஓட்ட வேண்டி வரும், அது எப்போதும் கைகொடுக்கும் என்ற உறுதியும் இல்லை. மேலிருந்து டேலி வேண்டுமென்றால் அதே விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப். திரை மட்டும்தான் மலையேறும், டேட்டா போடியிலேயே இருக்கும். நெட் போனாலும் திரும்ப வந்து விட்ட இடத்தில் தொடரலாம். போடி சிஸ்டத்தில் விண்டோஸ் ப்ரோ வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே உள்ளவர் நுழைந்தால் கணக்கர் திரை பூட்டிக்கொள்ளும் என்பதால் பழைய சிஸ்டம் ஒன்றை இதற்கென ஒதுக்குவது சண்டையைத் தவிர்க்கும். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையும் நெட்டுக்குத் திறக்க வேண்டாம், 445-க்குச் சொன்ன அதே காரணம்.

பில் ஃபோட்டோ, ஸ்கேன் போல ஒரு பக்கம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும் ஃபைல்களுக்கு ஷேரே வேண்டாம். ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் சிங்க்திங் மென்பொருளை இரு பக்கமும் நிறுவினால், மேலே உள்ளூர் ஃபோல்டரில் போட்டதை நெட் வரும்போது அதுவே கீழே சேர்த்துவிடும். செக்ரோல் போல இரு பக்கமும் திருத்தும் ஃபைலை மட்டும் அதில் விடாதீர்கள். இரண்டு பிரதி உண்டாகி, வாட்ஸ்அப் காலத்துக்கே திரும்பிவிடுவீர்கள்.

ஒருவர் வேலையை விட்டு நின்றாலோ லேப்டாப் தொலைந்தாலோ அன்றே இரண்டு இடத்தில் நீக்க வேண்டும்: விபிஎன் பட்டியலில் அந்தக் கருவி, சாம்பாவில் அந்தப் பயனர். ஒன்றை நீக்கி மற்றதை விட்டால் அரைகுறைதான்.

இரண்டாவது டிரைவில் வாரம் ஒருமுறை பிரதி எடுத்துக் கழற்றி அலமாரியில் வைக்கவும். செருகியே இருந்தால் பைக்குள் வந்த கோளாறோ மின்னலோ இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். எக்ஸ்ட்4 டிரைவை விண்டோஸில் செருகினால் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். 'கேன்சல்' கொடுக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். திறந்து சோதிக்க லினக்ஸ் லைவ் பென் டிரைவ் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.